ஐந்தாம் கேள்வி

ஓஸ்ட்ராண்டர் குடும்ப அறக்கட்டளைக்கு
ஆண்டறிக்கை எழுதுவது என் வேலை.
ஈரி நகரம், பென்சில்வேனியா.
தேவாலயத்து நிலவறையில் எங்கள் பயிற்சிக்கூடம்.
மேலே ஞாயிறு ஜெபம்,
கீழே திங்கள் முதல் வெள்ளிவரை வெல்டிங்.

முதல் நான்கு கேள்விகள் எண் கேட்கும்.
சேர்ந்தவர் பத்தொன்பது.
முடித்தவர் பதினொன்று.
வேலையில் அமர்ந்தவர் ஒன்பது.
நடுவில் நின்றுபோனவர்களுக்குக் கட்டம் இல்லை.
பேருந்து வராத பனிக்காலைக்கும்
கட்டம் இல்லை.

ஐந்தாவது மட்டும் கதை கேட்கும்:
எங்கள் நிதியால் மாறிய ஒரு வாழ்க்கையை
இருநூறு சொற்களுக்குள் விவரிக்கவும்.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
கொடுத்தவர் வந்து
வாங்கியவள் பல்லை எண்ணலாமா,
அதை யாரும் சொல்லிவைக்கவில்லை.

போன ஆண்டு டோரீன் வோய்ச்சிக்கை எழுதினேன்.
வயது நாற்பத்தொன்று. இரண்டு பையன்கள்.
இரவுக் கடையில் மணிக்கணக்குச் சம்பளம்.
அப்பா ஓஸ்ட்ராண்டர் வால்வு ஆலையில்
இருபத்தாறு ஆண்டு;
ஆலை டென்னசிக்குப் போனது,
அப்பா எங்கும் போகவில்லை.
அந்த வரியை நானே அடித்தேன்.
சொல் கூடிப்போயிற்று என்று
எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு.

விருந்துக்கு அவளை அழைத்தார்கள்.
வெள்ளைத் துணி விரித்த மேசைகள், வேகாத பீன்ஸ்.
ஓஸ்ட்ராண்டர் மூன்றாம் தலைமுறை முழுதும் வந்திருந்தது.
நல்லவர்கள், அதையும் சொல்ல வேண்டும்.
பேச எழுந்தாள் டோரீன்.
"கையுறைக்கு நன்றி.
பையன்களைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணத்துக்கு
அதைவிட நன்றி."
பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பி,
"அந்தக் கைப்பிடியில் பற்றவைப்பு விட்டிருக்கிறது,
யாரும் சாயாதீர்கள்,"
என்று உட்கார்ந்துவிட்டாள்.
கைதட்டுவதா வேண்டாமா,
சபைக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் மார்கிட் ஓஸ்ட்ராண்டர் அழைத்தாள்.
ஏரிக் காற்றில் தாத்தாவின் கல்லறை வேலி
சாய்ந்துவிட்டதாம்.
"நம் டோரீன் செய்வாளா?"
அந்த 'நம்'மைக் கொஞ்ச நேரம்
காதிலேயே வைத்திருந்தேன்.

டோரீன் போனாள்.
மூன்று தவணை பாக்கியுள்ள பிக்கப் வண்டியில்.
இரண்டு நாள் ஈரமண்ணில் மண்டியிட்டிருந்தாள்:
கும்பிட அல்ல,
முறிந்த கம்பி அடியில் இருந்தது.
ஆலை நிறுவியவரின் பெயர்மேல்
பொறிகள் விழுந்து அணைந்தன.
அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.
எதையாவது எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.
"காற்றடித்தால் வாயு நிற்காது.
குச்சிக்கு மாறினேன்.
வேறென்ன நினைக்க?"

பில் போட்டாள்: ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
போய்வந்த பெட்ரோல் தனி.
சலுகை என்ற இடத்தில் ஒரு கோடு.

மார்கிட் மறுபடி அழைத்தாள்.
"கொஞ்சம் குறைத்திருக்கலாமோ?
தப்பாக நினைக்காதீர்கள், சும்மா கேட்டேன்."
தன் காலில் நிற்கவேண்டும் என்று
பன்னிரண்டு ஆண்டாக நீங்கள்தானே
உறையிலும் கடிதத்திலும் அச்சடித்தீர்கள்
என்று நான் சொல்லவில்லை.
என் சம்பளத்தில் பாதி அவர்கள் பணம்,
அலுவலகச் செலவு என்ற தலைப்பில்.
"அதுதான் அவள் விலை," என்றேன்.
அவ்வளவு சொல்வதற்கே
நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் காசோலை வந்தது, முழுத் தொகைக்கும்.
அதே கையெழுத்து,
வால் நீண்ட அதே ஓஸ்ட்ராண்டர்.
எங்களுக்கு வரும் காசோலைகளில்
நன்கொடை என்று இருக்கும் கீழ்மூலையில்
வேலிக் கூலி என்றிருந்தது.
டோரீன் படமெடுத்து அனுப்பினாள்.
கூட ஒரு சொல்லும் இல்லை.
வங்கிக்குப் போகும் வழியில்
வண்டியை நிறுத்தி எடுத்திருக்கிறாள்,
ஓரத்தில் ஸ்டீயரிங் தெரிந்தது.

இன்று மீண்டும் ஐந்தாம் கேள்வி.
வேலி சரிசெய்யப்பட்டது, எழுதினேன்.
பணம் பெறப்பட்டது, எழுதினேன்.
நான்கு சொல்.
நூற்றுத் தொண்ணூற்றாறு மிச்சம்.

பழைய கோப்பைத் திறந்து
அடித்த வரியைத் தேடி எடுத்தேன்.
அப்பா எங்கும் போகவில்லை.
அதன் கீழே பேருந்து.
அதன் கீழே,
இடம் இருக்கும்வரை,
பனி.